தரை தெரியாத பக்கம்

படகுக்கார ஹலீம் தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தபோது பாலாம்பிகையும் கையை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயில்வாகனம் அதை எதிர்பார்க்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுக்குப் போனால்கூடக் கரையிலேயே குந்தி, வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு வருகிறவள் அவள்.

“நீ எங்க போற?”

“சும்மா பாத்துட்டு வர்றேங்க.”

அவர்களுடைய மகன் நிரோஷன் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கொழும்பில் ஹோட்டல் வேலை என்று சொல்லித்தான் கண்டி மஹையாவ வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு போனான். சில நாள் கழித்துத் தாய்க்கு ஒரு போன் வந்தது. கடற்கரையில் நிற்பதாகவும், அவுஸ்திரேலியாவுக்குப் போட் ஏறப்போவதாகவும், இறங்கியதும் பேசுவதாகவும் சொன்னான். எந்தக் கடற்கரை என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான். அதோடு சரி. மயில்வாகனம் மாநகரசபையில் லீவு போட்டுவிட்டு ஏறி இறங்காத இடமில்லை. பொலிஸில் சொன்னார். செஞ்சிலுவைக்காரர்களிடம் படத்தைக் கொடுத்தார். கெலிஓயாவில் சாத்திரம் பார்க்கிறவர், பையன் தெற்கே உயிரோடிருக்கிறான் என்றார். எல்லாரும் கதிரை போட்டு உட்காரவைத்து, நல்லவிதமாகத்தான் பேசினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாலாம்பிகை மட்டும் யார் கேட்டாலும் “வருவான்” என்பாள். அதற்கு மேல் அவனைப் பற்றி அவளுக்குப் பேச்சே கிடையாது.

அவளுடைய தம்பி ராஜலிங்கத்துக்குத் திருகோணமலைப் பக்கம் கடலோர ஹோட்டலொன்றில் வேலை. வெள்ளைக்காரர்களைப் பாய்மரப் படகில் கூட்டிக்கொண்டுபோய்ப் பவளப்பாறை காட்டும் அந்த ஹோட்டலின் பயணம் இது. இரண்டு இடம் காலியாக இருக்கவே அக்காவையும் அத்தானையும் வரச்சொல்லி ஏற்றிக்கொண்டு தானும் கூட வந்தான். “வீட்டுக்குள்ளயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும் அத்தான். ஒரு நாளாவது காத்துப்பட இருந்துட்டுப் போங்க” என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். போயும் போயும் கடலுக்கா என்று மயில்வாகனத்துக்குக் கேட்க வாய் வரவில்லை.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை விரித்ததும் படகு சத்தமில்லாமல் நழுவியது. அவர் அதுவரை கடலைக் கரையில் நின்றுதான் பார்த்திருந்தார். இப்போது கரை ஒரு கோடாகிப் போயிருந்தது. மற்ற மூன்று பக்கமும் ஒன்றுமில்லை. இத்தனை நாளும் எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் கேட்டால் பதில் கிடைக்கும் என்று அலைந்தோமே என்று நினைத்துக்கொண்டார். கேட்க வேண்டிய இடம் இவ்வளவு பெரிதென்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

சின்னத் தீவொன்றின் அருகே நங்கூரம் போட்டார்கள். தம்பி மனைவியிடம் வாங்கி உடுத்திய சுடிதாருக்கு மேல் மிதவை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பாலாம்பிகை ஏணியில் இறங்கினாள். ஹலீம் கீழே நின்று அவளைப் பிடித்துக்கொண்டான்.

“பயப்புடாதீங்க அக்கா. மூச்ச வாயால எடுங்க. நான் கைய விடமாட்டன்.”

அவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். பின்னல் அவிழ்ந்து முதுகோரம் மிதந்தது. வெள்ளைக்காரர்கள் நிமிர்வதும், எதையோ காட்டிச் சிரிப்பதும், மறுபடி குனிவதுமாக இருந்தார்கள். அவள் நிமிரவேயில்லை. கைகால் அசையவில்லை. குப்புற மிதக்கும் ஓர் உடம்பு. அதைத் தவிர மயில்வாகனத்தின் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

“பாலா” என்று கூப்பிட்டார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார்.

“காது தண்ணிக்குள்ள இருக்கு அத்தான். கேக்காது” என்றான் ராஜலிங்கம். “மூச்சு விடுறாங்க. அந்தக் கொழாயப் பாருங்க.”

குழாயைப் பார்த்தார். வெயிலில் ஒன்றும் புலப்படவில்லை. அவள் பாறையை விட்டு, தண்ணீர் கறுத்துக் கிடந்த பக்கமாகப் போனாள். ஹலீம் இழுத்துத் திருப்பினான். மறுபடியும் அங்கேயே போனாள். மயில்வாகனம் ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கொக்கியை மாட்டப் போனார். மாட்டினால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறோம் என்று தோன்றவும், அப்படியே திறந்துபோட்டபடி நின்றார்.

ஒருவழியாக நிமிர்ந்தாள். குழாயைத் துப்பிவிட்டு ஹலீமிடம் கேட்டாள். “தம்பி, அந்தப் பக்கம் தரையே தெரியலையே?”

“அங்கால ஆழம் அக்கா.”

“எம்புட்டு ஆழம்?”

“அது சொல்ல ஏலா. பெரிய கப்பலெல்லாம் போற ஆழம்.” அவனுக்கு விஷயம் எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மேலே ஏற்றி, துவாயைப் போர்த்தி உட்காரவைத்தார்கள். ராஜலிங்கம் அன்னாசித் துண்டுகளை நீட்டினான். அவள் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். கண்ணைச் சுற்றி ரப்பர் அழுத்திய தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“மீனெல்லாம் மொகத்துக்கிட்ட வந்து பாத்துட்டுப் போகுதுங்க” என்றாள். “சத்தமே இல்ல. என் மூச்சு மட்டுந்தான் கேட்டுச்சு.”

அவர் தலையாட்டினார்.

“நம்ம பயலுக்கு நீச்சல் தெரியுமாங்க?”

மகனுக்குப் பிடித்த கறி மயில்வாகனத்துக்குத் தெரியும், செருப்பின் அளவு தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாள், மழையில்லாமலே அவன் தலை நனைந்திருந்தது ஞாபகம் வந்தது. தாய் ஏசுவாளென்று அவர்தான் துவட்டிவிட்டார். ஆற்றுக்குப் போனாயா, நீந்துவாயா என்று கேட்கவில்லை.

“தெரியும்” என்றார்.

“நீங்க பாத்தீங்களா?”

அவர் நழுவிய துவாயை அவள் தோளில் இழுத்துவிட்டார்.

வெள்ளைக்காரர்களில் ஒரு பெண்பிள்ளை, இருபது வயதிருக்கும், படகின் முன்பக்கம் ஏறிநின்று தலைகீழாகக் குதித்தாள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி மூடிக்கொண்டது. பாலாம்பிகையின் கை மயில்வாகனத்தின் மணிக்கட்டைப் பற்றியது. நீர்வளையம் விரிந்து விரிந்து படகில் வந்து தட்டியது. கலக்கம் தெளிந்து கடல் பழையபடி பச்சையாயிற்று. இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் எழுந்தது அங்கே அல்ல. படகுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி, தலையைச் சிலுப்பிக்கொண்டு சிரித்தாள். ராஜலிங்கம் கை தட்டினான். பாலாம்பிகை திரும்பவில்லை. முதலில் மூடிக்கொண்ட இடத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். பிடித்த பிடியும் தளரவில்லை.