பாறைக்கு எதிர்ப்பக்கம்

ஒவ்வொரு வளைவிலும் அப்பா சரிந்துகொண்டே வந்தார். வண்டி இடப்பக்கம் திரும்பினால் அவர் வலப்பக்கம், வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து ஒரு பட்டையால் கட்டியிருந்தார்கள். பட்டை பழசு, இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. தலைமாட்டில் மகளும் கால்மாட்டில் அத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதே மலைப்பாதையில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர் அப்பா. கூரைமேல் ஏற்றிய முட்டைக்கூடையில் ஒரு முட்டை உடைந்ததில்லை என்று மார் தட்டிக்கொள்வார்.

"மெதுவாப் போகச் சொல்லு கண்ணு. அண்ணனுக்கு வலிக்கப் போகுது" என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

முன்சீட்டில் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் தம்பி. அவனுக்கு மேகத்தின் மேலேயே கண். மேலே ஊரில் குழி வெட்டி வைத்திருந்தார்கள், மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்து அவன் எல்லாரிடமும் அந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அழுகிறவர்களுக்கு நடுவில் ஒருவராவது வேலையைப் பார்க்க வேண்டுமே என்று அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவன் மாதிரி இருந்தான்.

மகளும் அழவில்லை. அவள் கீழே நகரத்து நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். தினமும் நாலு பேர் அழுவதைத் தாளில் தட்டிக்கொண்டே இருக்கிறவளுக்கு நாலு பேர் முன்னால் அழ வராமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முயன்றும் பார்த்தாள். தொண்டை வரை வந்தது, ஆட்கள் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

எதிரே வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஊர்ப் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். செய்தி கேட்டு முதல் பேருந்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் மலையைப் பற்றிய பேச்சு என்றால் நேரம் காலம் பார்க்கமாட்டார். ரோடு வருவதற்கு முன்னால் இந்த மலையைத் தாண்டிப் போன உப்பு வியாபாரிகளின் சுங்கக்கல் எங்காவது புதரில் கிடக்கிறதென்றால், சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவார்.

"பேசுற நேரம் இல்லதாம்மா. ஆனா நீ காரியம் முடிஞ்சதும் கிளம்பிடுவே. அப்புறம் நான் உன்னை எங்க பிடிக்கிறது?"

"சொல்லுங்க சார்."

"ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க. வளைவுல நிக்கிற மணிப்பாறையை வெடி வச்சு எடுத்துட்டா வேலை சுலபம்கிறார் இன்ஜினீயர். நான் போய்ச் சண்டை போட்டேன். 'பாறையோட கதை அந்தக் காலத்துதுன்னா சரி, பாறையை விட்டுட்டு எதிர்ப்பக்கத்தை வெட்டிக்கிறோம். யாரோ பொழுதுபோகாம கட்டிவிட்டதுன்னா என் நேரத்தை வீணாக்காதீங்க'ன்னுட்டார். ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்கப்பா சொல்லிக் கேட்டதுதான்கிறாங்க. சரின்னு அவர்கிட்டயே போனேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சிரிச்சார். 'எம் பொண்ணு வருவா, அவளைக் கேளுங்க. அது அவ கதை'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. சரி, நீ வந்ததும் மூணு பேரும் உக்காந்து பேசலாம்னு இருந்தேன். மனுஷன் அதுக்குள்ள முந்திக்கிட்டார்."

 அப்பா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, வாயைத் திறந்தால் கதையாகக் கொட்டும் அந்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் அவளைக் கேட்காமல் சொல்ல மறுத்திருக்கிறார்.

ஏனென்றால் மணிப்பாறைக் கதையை அப்பாதான் கட்டிவிட்டார். பொழுதுபோகாமல் அல்ல.

அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, தம்பி கைக்குழந்தை. தம்பியை அத்தை எடுத்துக்கொண்டாள். அவளை அப்பா தன் பேருந்திலேயே கீழே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டு. எல்லா வளைவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவாள், அந்தப் பெரிய பாறை வளைவு வரும்போதுதான் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். முதல் நாள் ஒரு காய்கறிக்காரரின் சாக்கில் வாந்தி எடுத்தாள். "எங்கிருந்து வந்து சேர்ந்துச்சு இந்தச் சனியன்" என்றார் அவர். அடுத்த நாள் அப்பா அங்கே வண்டியை நிறுத்தினார். வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஒரு சின்னப் பெண் ரோட்டோரம் குனிந்து நிற்பதை வேடிக்கை பார்த்தார்கள். "வேலைக்கு நேரமாச்சு, இதுக்கெல்லாமா வண்டிய நிப்பாட்டுவாங்க" என்று ஆளுக்கொரு பேச்சு. செத்தாலும் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அன்று இரவெல்லாம் அழுதாள்.  அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து நின்றார். உப்பு ஏற்றிக்கொண்டு கழுதைகளோடு கணவாய் தாண்டிப் போனவனுக்காக அவன் பெண்டாட்டி இங்கேயே நின்று காத்திருந்தாள், நின்றபடியே பாறையாகிவிட்டாள், உள்ளே இன்னும் கழுதை மணிச்சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். போகிற வருகிறவர்கள் ஒரு நிமிஷம் அவளுக்குத் துணையாகக் கேட்டுவிட்டுப் போனால் அந்தப் பயணத்துக்கு ஒரு குறையும் வராது. ஒரு காதைப் பாறையில் ஒட்டிவைக்க வேண்டும். மறு காதைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொள்ள வேண்டும். கண்ணையும் மூடிக்கொண்டால் விசேஷம்.

அந்த மூன்றாவது நிபந்தனையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. பேருந்தில் இருந்த சனம் மொத்தமும் இறங்கிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, காதைப் பொத்தி, கண்ணை மூடிப் பாறையோடு பாறையாக நிற்கும். ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் அவள் நிம்மதியாக வாந்தி எடுப்பாள். அப்பா நெற்றியைப் பிடித்துக்கொள்வார், முகம் கழுவிவிடுவார், "ஆச்சா ராசாத்தி?" என்பார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அவளுக்கு இன்னைக்கும் மணி கேக்கல. போலாம், ஏறுங்க" என்பார்.

காய்கறிக்காரர் மட்டும் தனக்கு மணி கேட்டதாகச் சத்தியம் செய்தார். பத்து நாளில் கீழே சந்தையில் அதுதான் பேச்சு. அப்புறம் லாரிக்காரர்கள் நிறுத்தினார்கள், ஜீப்புக்காரர்கள் நிறுத்தினார்கள். அவளுக்கு வாந்தி நின்று எவ்வளவோ காலம் ஆகியும் வண்டிகள் நிற்பது நிற்கவில்லை.

இப்போதும் அதே வளைவில் வண்டி நின்றது. வண்டிக்காரன் என்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"இப்ப எதுக்குப்பா நிப்பாட்டுற?" தம்பி பதறினான். "மழை வந்தா குழியெல்லாம் தண்ணியாயிடும்."

"மணிப்பாறைண்ணே. இங்க நிக்காம எப்படிப் போறது? எங்கப்பா லாரி ஓட்டுறப்பவே நிப்பாட்டுவாரு. பிள்ளைக்காகக் காத்திருக்கிற தாயாச்சே."

"பிள்ளைக்காகவா? புருஷனுக்காகப்பா" என்றாள் அத்தை, இறங்கிக்கொண்டே. "எங்க தாத்தாவே காது வச்சுக் கேட்டிருக்காரு. எனக்குத் தெரியாததா?"

அத்தையின் தாத்தா செத்து வெகுகாலம் கழித்துத்தான் இந்த ரோடே வந்தது. 

நால்வரும் ரோட்டைக் கடந்து பாறையிடம் போனார்கள். காது படும் உயரத்தில் பாறை வழுவழுவென்று ஆகியிருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அத்தை எட்டவில்லையே என்று குதிகாலைத் தூக்கினாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவனும் போய்க் காதை வைத்தான். நாலு பேரும் ஒரு காதை ஒட்டி, மறு காதைப் பொத்தி, கண்ணை மூடி முதுகு காட்டி நின்றார்கள்.

அவள் வண்டிக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றாள். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பா. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் கேட்காது. அப்போதுதான் அது வந்தது. குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. முழங்காலைப் பிடித்துக் குனிந்துகொண்டு, "அப்பா, அப்பா" என்று வாய்விட்டுக் கதறி அழுதாள். நெற்றியைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. ஆனாலும் அத்தனை பேரையும் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அவர்கள் திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்து நிமிர்ந்துவிட்டாள்.

"நீ வரலியாம்மா?" என்றார் வாத்தியார். "சரி, இங்கேயே கேட்டுடறேன். இன்ஜினீயர் முன்னால வந்து நீ ஒரு வார்த்தை சொல்லணும். இது பழைய கதைதானே?"

உண்மையைச் சொன்னால் அப்பா தனக்குச் செய்ததை ஊர் தெரிந்துகொள்ளும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதைவிட அருமையாக அவரைப் பற்றிச் சொல்ல அவளிடம் வேறெதுவும் இல்லை. ஆனால் சொன்ன மறுகணம் பாறைக்கு வெடி. பழைய கதைதான் என்று சொல்லிவிட்டால் பாறை தப்பிக்கும், அப்பா செய்தது அவளோடு மண்ணுக்குள் போய்விடும். பொய்ச்சாட்சிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கேட்காத விவரத்தைச் சேர்த்துச் சொல்பவன்தான் பொய்ச்சாட்சி என்பார்கள் நீதிமன்றத்தில்.

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எல்லாரும் நிப்பாட்டுறாங்க சார்" என்றாள். "ஆனா கதையில பாதியை எல்லாரும் விட்டுட்டாங்க."

"பாதியா?" வாத்தியார் அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த உப்பு வியாபாரிங்க கூட்டத்துல பெண்டாட்டி இல்லாத ஒருத்தர் இருந்தாரு. தன்னோட சின்னப் பொண்ணையும் கூட்டிட்டு வருவாரு. அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்காது. இந்த இடத்துக்கு வந்தா வாந்தி. கூட வர்றவங்க திட்டுவாங்க, வேடிக்கை பார்ப்பாங்க. அவ கூனிக்குறுகிப் போயிடுவா. அதனால அந்த அப்பா, பாறைக்குள்ள மணி கேக்குது, காதை வச்சுக் கேளுங்கன்னு சொல்லி எல்லாரையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டாரு. பொண்ணு இந்தப் பக்கம் நின்னுக்குவா."

வண்டிக்காரன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா மணி?" என்றாள் அத்தை ஏமாற்றத்தோடு.

"மணி இல்லைன்னு யாரு சொன்னா அத்தை? காது வச்சவங்க கேட்டிருக்காங்களே."

அத்தைக்குச் சமாதானமாகிவிட்டது. "அதானே" என்றாள்.

வாத்தியார் யோசித்துக்கொண்டே ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஏம்மா, அப்படின்னா இந்தப் பக்கத்தையும் வெட்ட விட முடியாதே! இன்ஜினீயருக்குத் தலைவலிதான் போ." சாவு வீட்டு ஞாபகம் வந்து சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

தம்பி மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவன் அவளோடு எதற்கு எடுத்தாலும் சண்டை போடுவான். எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: 'உன்னை மட்டும்தானே அப்பா கூட்டிட்டுப் போனாரு.'

"அக்கா" என்றான். "அந்தப் பொண்ணுக்குத் தம்பி யாராவது இருந்தானா?"

அவள் திறந்திருந்த பின்கதவு வழியாக அப்பாவைப் பார்த்தாள். 

"இருந்தான். கைக்குழந்தை. மலை தாங்காதுன்னு ஊர்லயே விட்டுட்டு வந்தாங்க. வழி நெடுக அந்த அப்பா அவனைப் பத்தியேதான் பேசிட்டு வருவாரு. இந்நேரம் எழுந்திருப்பானா, பால் குடிச்சிருப்பானா, பல்லு முளைச்சிருக்குமா. கேட்டுக் கேட்டு அவளுக்கே கோபம் வரும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தம்பி தலையாட்டினான். வண்டிக்காரன் ஏறிச் சாவியைப் போட்டான், அத்தையும் வாத்தியாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். தம்பி ஏறவில்லை. பாறைக்கு எதிர்ப்பக்கம், ரோட்டோரம் போய் நின்றான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, கொஞ்சம் புல்லும் சரளைக்கல்லும்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தூறல் விழ ஆரம்பித்தது. அவன் சட்டைத் தோளில் புள்ளி புள்ளியாக நனைந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.