நானூறு கிராமும் தலைவர் உரையும்

ஐந்து முறை தேசிய சாம்பியன், எதிரே நிற்பவளை இமைக்கும் நேரத்தில் தூக்கிப் போடுபவள், அன்று வெறும் நானூறு கிராமைத் தூக்கிப் போட வழியில்லாமல் நின்றாள்.

ஜூடோவில் அவளுக்கு ஐம்பத்தேழு கிலோ பிரிவு. மாலை ஐந்து மணிக்கு எடை பார்ப்பார்கள். ஒரு பொட்டு கூடினாலும் மறுநாள் போட்டி இல்லை. ஆறாவது பட்டமும் இல்லை. வயது முப்பத்து மூன்று. அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டா என்பதை முழங்கால்தான் சொல்லவேண்டும். அதுவோ இப்போதே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மதியம் ஏறிப் பார்த்தபோது தராசு ஐம்பத்தேழு புள்ளி நாலு காட்டியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு.

"விடுடி," என்றாள் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் அக்கா. "பிளாஸ்டிக் சட்டைய மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் ஓடு. வேர்வையிலயே போயிடும்."

மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுமுன் ஜூடோ சங்கச் செயலாளர் வழிமறித்தார். "சாம்பியன் மேடையில இல்லாம தொடக்க விழாவா? தலைவர் கோவிச்சுக்குவார்மா."

சங்கத் தலைவர் கோபித்துக்கொண்டால் போட்டியாளர் பட்டியலில் சில பெயர்கள் காணாமல் போவதுண்டு. பிளாஸ்டிக் சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லை. அதன்மேலேயே சங்கத்தின் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் போய் உட்கார்ந்தாள்.

தலைவர் ஜூடோ ஆடியதில்லை. ரிப்பன் வெட்டுவதற்காக ஒருமுறை காலணியோடு விரிப்பில் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். "ரெண்டே வார்த்தை," என்று மைக்கைப் பிடித்தார். அந்த இரண்டு வார்த்தையின் நீளம் ஊரறிந்தது.

பத்தாவது நிமிடம் அரங்கத்தின் ஏ.சி. உயிரை விட்டது. இருபதாவது நிமிடம் முன்வரிசை அழைப்பிதழால் விசிறிக்கொண்டது. சாம்பியனின் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பிறகு கழுத்தில். பிறகு கோட்டுக் கையிலிருந்து சொட்டியது. மேடைக்குக் கீழே அக்காவைப் பார்த்தாள். 'அசையாதே' என்றது அவள் கண்.

"ஆகவே, முடிவாக..." என்றார் தலைவர். கூட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தலைவரே," என்றாள் சாம்பியன், "சங்கம் ஆரம்பிச்ச கதையச் சொல்லவே இல்லையே நீங்க."

முப்பது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்டிராத கேள்வி. முகம் மலர்ந்துவிட்டது. செயலாளர் அவளைப் பார்த்த பார்வையைச் சட்டப்படி கொலை முயற்சி என்றே சொல்லலாம். கதை நாற்பது நிமிடம் போயிற்று. தலைவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் அக்கா எழுந்து, "கட்டடத் திறப்பு விழாவ விட்டுட்டீங்க," என்று நினைவூட்டினாள். அது இன்னொரு இருபது.

ஐந்து மணி. ஐம்பத்தாறு புள்ளி ஒன்பது. எடை பார்த்த அம்மாள் குறித்துக்கொண்டு, "அடுத்தது," என்றாள். சாம்பியன் ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

நடைவழியில் தலைவர் எதிர்ப்பட்டார், காலர் தொப்பலாக. "நான் பேசறப்போ உன் கன்னமெல்லாம் ஈரம். கவனிச்சேன்மா."

"உங்க பேச்சு இல்லன்னா நாளைக்கு நான் இறங்கவே முடிஞ்சிருக்காது தலைவரே." இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அது.

தலைவர் நெகிழ்ந்து போனார். "அப்படின்னா நாளைக்கும் போட்டிக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

அக்கா அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

"வேணாம் தலைவரே. இவளுக்கு மிச்சம் இருக்கிற உடம்பு நாளைக்கு வேணும்."