பிரமிளாவின் கைராசி

பதக்கம் வாங்கப் பன்னிரண்டு நாள் இருக்கையில் பிரமிளாவின் குடுவையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறு மணிநேரம் சூடாக்கிக் கலக்கியும், போட்ட இரண்டு பொருளும் போட்டபடியே கிடந்தன. அவள் கைபட்டால் இணையாத மூலக்கூறும் இணையும் என்று லண்டனில் பாதி இரசாயனக்காரர் சொல்லித் திரிகிறார்கள். பாழாய்ப்போன குடுவை இப்போது பார்த்துத்தானா முரண்டு பிடிக்க வேண்டும்?

விஷயம் இதுதான். மருந்து செய்கிறவர்கள் இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைக்கப் பல்லேடியம் என்ற உலோகத்தைத் துளியளவு சேர்ப்பார்கள். விலையோ யானை விலை. மருந்தில் மிச்சம் தங்கினால் உடம்புக்கும் ஆகாது. அந்த உலோகம் தூசியளவும் இல்லாமலே ஒட்டவைக்கலாம் என்று நான்கு வருடத்துக்கு முன்னர் பிரமிளா செய்து காட்டினாள். அதற்குத்தான் இந்த எல்ட்ரிட்ஜ் பதக்கம்.

பாராட்டு விழாவுக்கு லண்டன் சட்டனில் மண்டபம்கூட எடுத்தாகிவிட்டது. பழைய மாணவிகள் சங்கத் தலைவி சுலோச்சனா, பிரமிளாவின் படம் போட்டுப் பதாகை அடித்து, பொன்னாடை போர்த்த ஆள் பிடித்து, வாழ்த்துரைக்கு ஒன்பது பேரைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்பது பேர்! ஆளுக்கு ஐந்து நிமிடமாம். மைக்கைப் பிடித்த நம்மவர் யார் ஐந்து நிமிடத்தில் இறங்கியிருக்கிறார்கள்?

ஜேர்மனியிலிருந்து ஒருவரும் ஜப்பானிலிருந்து ஒருவரும், தங்களுக்கு அந்த முறை சரிவரவில்லை என்று முன்பே எழுதியிருந்தார்கள். ஈரம் இருந்திருக்கும், நன்றாக உலர்த்திப் பாருங்கள் என்று பிரமிளா மரியாதையாகப் பதில் போட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டு, எல்லாம் பிரமிளாவின் கைராசி என்றார்கள். உள்ளுக்குள் அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பதக்கம் கொடுக்கும் கழகத்தார் படம்பிடிக்க வருவதாக இருந்தது. அதற்காகத்தான் அவள் செய்து பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமென்று புதுக் குடுவை, புது மின்னடுப்பு, புதுக் காந்தத் துண்டு. குடுவைக்குள் கிடந்து சுழன்று கரைசலைக் கலக்குமே, வெள்ளைப் பூச்சுப் பூசிய விரல்நுனி அளவுக் காந்தம், அதுதான். மறுநாளும் செய்தாள். அதற்கடுத்த நாளும் செய்தாள். ஒன்றும் அசையவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படப்பிடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, குமுதினியைக் கூப்பிட்டு, வழக்கமாகத் தனக்கு எடுத்துவைக்கும் சாமான்களில் என்ன வித்தியாசம் என்று கேட்டாள்.

குமுதினி ஆய்வுகூட உதவியாளர். பதினாறு வருடமாக ஸ்ட்ரெதத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வேலை எடுத்துக் கொடுத்ததும் பிரமிளா, விசாச் சிக்கலில் திண்டாடியபோது கடிதம் எழுதிக் கொடுத்ததும் பிரமிளா. அக்கா என்றால் உயிரையும் கொடுப்பாள். ஆனால் ஒரு பொருளை எறி என்றால் மட்டும் கை வராது. நம்முடைய வீடுகளில் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்தால் உள்ளே மீன்குழம்பு இருக்குமே, அந்த ரகம்.

அவள் மேசைக்குக் கீழே குனிந்து அப்படியொரு பெட்டியை எடுத்தாள். உள்ளே பன்னிரண்டு காந்தத் துண்டுகள், சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடதாசியில் சுற்றி வைத்திருந்தன. ஓய்வுபெற்றுப் போன பேராசிரியரின் ஆட்கள் குப்பையில் போட்டவையாம். நல்ல சாமானை எறிகிறார்களே என்று பொறுக்கியெடுத்தாளாம்.

"உங்களுக்கு மட்டும்தான் இதிலையிருந்து எடுத்துத் தாறனான், அக்கா," என்றாள் பெருமையாக. "வேறை ஆக்களுக்குக் குடுக்கிறேல்லை."

அந்தப் பேராசிரியர் முப்பது வருடமாகச் செய்தது பல்லேடியம் வேலை.

பிரமிளா ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பூச்சில் மயிரிழை போல வெடிப்பு, வெடிப்புக்குள் ஏதோ கறுப்பாக. அதைக் குடுவையில் போட்டு அடுப்பைப் போட்டாள். இரண்டு மணிநேரத்தில் மூலக்கூறுகள் சமர்த்தாக ஒட்டிக்கொண்டன. நான்கு வருடமும் வேலை செய்தது அவள் கையல்ல, அந்தக் கறுப்பு. துண்டைக் கழுவி, திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"இந்தப் பெட்டி ஒருத்தற்றை கண்ணிலையும் படக்கூடாது, குமுதினி. விளங்குதே?"

குமுதினி ஏன் என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மோர்டனில் வீட்டுக்குப் போய்க் கணவர் கணேஸ்வரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கவுன்சிலில் வேலை செய்கிற மனிதர், எதையும் நிதானமாகப் பார்ப்பவர். மெடலை முதலில் வாங்கும், ஆறுதலாகப் பிறகு எழுதும் என்றார். மண்டபம் எடுத்தாகிவிட்டது என்பதையும் நினைவுபடுத்தினார். நாலு நாள் அவளும் அப்படித்தான் இருந்துபார்த்தாள். முடியவில்லை. ஒரு மருந்துக் கம்பெனி அவளுடைய முறையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. உலோகமே இல்லை என்று அவளை நம்பி, அவர்கள் சோதிக்காமல் விட்டால்?

அதோடு, அவள் மானமே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. துண்டுகளைக் காட்டினால் அவள் ஏமாந்துபோன ஆள். இரசாயனத்தில் அப்படி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காட்ட முடியாமல் போனால் இல்லாததை எழுதிப் பேர் வாங்கிய கள்ளி. முப்பது வருட உழைப்பும் சேர்த்து நாறிப்போகும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கழகத்துக்கு உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னரே தலைவரிடமிருந்து பதில் வந்தது. அவளுடைய நேர்மையை மதிப்பதாகவும், பதக்கத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தப் பன்னிரண்டு துண்டுகளையும் வெளியார் ஆய்வுகூடம் ஒன்று சோதிக்கும். உறுதியானால், நடந்தது கள்ளமில்லாத தவறு என்று கழகமே அறிவிக்கும். நாளை காலை பத்து மணிக்கு ஆள் வரும், துண்டுகளைத் தயாராக வைத்திருக்கவும்.

பதக்கம் போனால் போகட்டும். பிரமிளாவுக்கு மூச்சு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு முழுச் சாண்ட்விச்சையும் தின்றாள். பிறகு போய் மேசைக்குக் கீழே குனிந்தாள்.

பெட்டி இல்லை.

அடுத்த மேசையையும் அலுமாரிகளையும் பார்த்துவிட்டுக் குமுதினியைக் கூப்பிட்டாள். குமுதினி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"பயப்பிடாதையுங்கோ அக்கா. திங்கக்கிழமை கழிவு லொறி வந்தது. எரிக்கிற வாளிக்குள்ளை நானே என்ரை கையாலை போட்டனான். இனி ஒருத்தராலையும் கண்டுபிடிக்க ஏலாது."

அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. வாழ்நாளில் ஒரு போத்தல் மூடியைக்கூட எறியாதவள், அக்காவுக்காக எறிந்திருக்கிறாள்.

பிரமிளா கதிரையில் உட்கார்ந்தாள். கடிதம் எழுதியதையும், நாளை ஆள் வருவதையும், துண்டு இல்லையென்றால் தன்னை என்ன பேர் சொல்லுவார்கள் என்பதையும் மெதுவாக எடுத்துச் சொன்னாள். பன்னிரண்டு இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே எரிந்துபோயிற்று என்றால் எவன் நம்புவான்? அவளே நம்பமாட்டாள். குமுதினிக்கு விளங்க விளங்க முகம் வெளிறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கீழை ஸ்டோரிலை பழைய காந்தம் இன்னும் கிடக்கு. வெடிச்சதாப் பாத்து எடுக்கிறன். பல்லேடியத்தைப் போட்டுக் கொதிக்க விட்டா அதே மாதிரிக் கறுக்கும். நாங்கள் உண்மையைத்தானே அக்கா காட்டப்போறம்?"

பிரமிளாவுக்கு உண்மையான பயம் பிடித்ததே அந்த இடத்தில்தான். குமுதினி சொன்னது சரி. நடந்தது அதுதான், காட்டப்போவதும் அதுதான். இத்தனை வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. போடி பைத்தியம் என்று ஏசியிருக்க வேண்டும்.

சுவர் மணிக்கூட்டில் மூன்றரை. எழுந்துபோய் ஆய்வுகூடக் கதவை உள்ளேயிருந்து திறப்புப் போட்டுப் பூட்டினாள். கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பதக்க விழா அழைப்பிதழின் பின்பக்கம்தான் அவளுக்குத் தெரிந்தது.

"பல்லேடியம் அலுமாரித் திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்று கேட்டாள்.

"உங்களிட்டைத்தான், அக்கா," என்றாள் குமுதினி.