பத்தொன்பதாவது படம்

1934இல் மலாயாவின் ரப்பர் தோட்டத்து மருத்துவச்சிகள் பதினோரு பேருக்குக் கிள்ளான் நகரில் பிரசவப் பயிற்சி நடந்தது. பாடம் சொன்ன நர்ஸ் சீதாலெட்சுமிக்கு வயது இருபத்து நான்கு. கேட்க வந்தவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது.

கண்ணாடிப் படங்களைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் விளக்கு ஒன்று புதிதாக வந்திருந்தது. ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இராமலிங்கம் முப்பது படங்களை ஒவ்வொன்றாக மாற்றினார். படத்துக்கு நாலு வரி எழுத்து. சீதாலெட்சுமி அதை வாசித்தாள். அலுப்புத் தட்டாமலிருக்கக் கிராமபோனும் பாடியது.

கடைசியில், "தொப்புள்கொடிய எங்க கட்டணும்?" என்று கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி," என்றாள் காப்பார் பக்கத்திலிருந்து வந்த வீரம்மா. "படத்தப் பாத்தா உங்க பேச்சு காதுல ஏறல. பேச்சக் கேட்டா படம் போயிடுது. நடுவுல பாட்டு வேற. மண்டவலிதான் மிச்சம்."

சீதாலெட்சுமிக்கு முதலில் சுருக்கென்றது. ஆனாலும் முப்பதில் ஆறு படங்களை மட்டும் எடுத்து, எழுத்தின் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டினாள்.

"ஆபீசுல கேட்டா?" என்றார் இராமலிங்கம்.

"நான் பதில் சொல்லிக்கிறேன்."

அடுத்த வாரம் கிராமபோன் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு படம், அதைப் பற்றி மட்டும் பேச்சு. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஜன்னலைத் திறந்து, துணிப்பொம்மையை வைத்து ஒவ்வொருவரும் செய்து பார்த்தார்கள். கத்தரியைக் கொதிக்க வைத்து, கொடியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவே வெட்டினார்கள்.

ஐந்தாவதாகக் காட்டிய படத்தில் தொப்புளில் சாம்பல் வைத்த குழந்தை ஜன்னி கண்டு விறைத்துக் கிடந்தது. வீரம்மா எழுந்து சுவரருகே போனாள்.

"சாம்பலாலயா?"

"ஆமாக்கா. அதுல கிருமி இருக்கும்."

"நான் வச்சிருக்கேன் மிஸ்ஸி. மூணு புள்ள போச்சு."

போன வாரம் இதே படம் பத்தொன்பதாவதாக வந்து போயிருந்தது. யாருக்கும் உறைக்கவில்லை. சீதாலெட்சுமி அன்று ஆறாவது படத்தைக் காட்டவில்லை.

வீரம்மா இனி வரமாட்டாள் என்று சீதாலெட்சுமி நினைத்தாள். மறுவாரம் முதலில் வந்தவளே அவள்தான்.

"எங்க தோட்டத்துப் புஷ்பவல்லிகிட்ட சொல்லிட்டேன், அவ புள்ள என்னாலதான் போச்சுன்னு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இப்ப மறுபடி எட்டு மாசம் அவளுக்கு."

செய்துகாட்டும் பரீட்சையில் பத்துப் பேர் தேறினார்கள். வீரம்மாவும் அதில் ஒருத்தி. புஷ்பவல்லி பிரசவத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. வீரம்மாவோடு பயிற்சிக்கு வந்த பவுனம்மாளைக் கூப்பிட்டாள். வீரம்மா வாசல்வரை போய், "கத்தரி கொதிச்சிருச்சா?" என்று மட்டும் பவுனம்மாளிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். பெண் குழந்தை. பிழைத்துக்கொண்டது.