உருகும் வரை உபசாரம்

எதிரியே ஆனாலும் தீபாவளியன்று வாசலில் வந்து நின்றால் 'வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். மலேசியாவின் ஈப்போவில் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் அப்படித்தான். அந்தத் துணிச்சலில் பேராசிரியர் இராஜசிங்கம் பட்டு ஜிப்பா சரசரக்க வந்து தினேஸ்வரியின் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வெட்கம் என்ற ஒன்றை இந்த மனிதருக்கு வைக்கக் கடவுள் மறந்துவிட்டார்.

அவருடைய பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தினேஸ்வரி மாடாய் உழைத்தவள். சர்க்கரை நோயால் அப்பாவின் காலை எடுத்த அன்று, ஆறாத புண்ணுக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பியவள். தெலுக் இந்தான் பக்கம், அவள் பிறந்த தோட்டத்தில் மிஞ்சி நின்ற ஒரு கிழட்டு ரப்பர் மரத்தின் இலைக்குள் ஒரு பூஞ்சையைக் கண்டாள். புண்ணில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி அதற்கு அடங்கியது. ஆனால் கட்டுரை வெளிவந்தபோது, கண்டுபிடித்தவர் என்று பேராசிரியரின் மகன் ரதீசனின் பெயர் இருந்தது. அவள் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட இல்லை. நியாயம் கேட்டாள், வேலையும் போனது.

மரத்தைப் பிறகு, எண்ணெய்க்குச் செம்பனை நடுவதற்காக வெட்டிவிட்டார்கள். பூஞ்சை இப்போது ஆய்வுக்கூடத்தின் பழைய உறைகுளிர்ப் பெட்டி ஒன்றில் மட்டும்தான் உயிரோடிருந்தது. யாராவது திருடிவிடுவார்கள் என்று பேராசிரியர் வேறெங்கும் ஒரு துளிகூடக் கொடுத்து வைக்கவில்லை. தான் திருடி அயலாரை நம்பான் என்பார்களே, அந்தக் கதை.

அந்தப் பெட்டி பழுதானால் எச்சரிக்கை போகும் கைப்பேசி எண் இன்னும் தினேஸ்வரியுடையது. அதை மாற்ற எவனுக்கும் தோன்றவில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தபோதே செய்தி வந்திருந்தது, குளிர் குறைகிறது என்று. விடுமுறை நாள், அங்கே ஈ காக்கை இருக்காது. எனக்கென்ன என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தவள், மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். பேராசிரியர் வந்து உட்கார்ந்த நேரம் அடுத்த செய்தி: மைனஸ் எண்பதில் இருக்க வேண்டியது மைனஸ் இருபதுக்கு வந்துவிட்டது. இப்போது ஓடினாலும் காப்பாற்றலாம். உருகிவிட்டால் அந்தப் பூஞ்சை பிழைக்காது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பேராசிரியர் அவள் கணவன் சுகுமாரனிடம், கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "இந்தப் பிள்ளை என் லேப்லதான் இருந்துச்சு. போத்தல் எல்லாம் பளிச்சுன்னு கழுவும்லா!" என்று சிரித்தார்.

தினேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனவள், சிரித்த முகத்தோடு இட்லியும் ஆட்டுக்கறியும் கொண்டு வந்தாள்.

"சாப்புடுங்க புரொபசர். இன்னிக்கு லீவுதானே, என்ன அவசரம்?"

அவர் எழப் பார்த்தபோதெல்லாம் அதிரசம் வந்தது, பாயசம் வந்தது, கோப்பி வந்தது. அவள் கையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்குக்கூட அந்த வீட்டில் அப்படி ஒரு கவனிப்பு நடந்ததில்லை.

"பழச மறக்காத பிள்ளை" என்று மெச்சினார் பேராசிரியர்.

"எப்படி மறப்பேன்?" என்றாள்.

மாலை சாயும்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. பல்கலைக்கழகக் காவலாளி. கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. "தரையெல்லாம் தண்ணியா? அலாரம் யாருக்குப் போச்சு?" என்று அலறினார்.

தினேஸ்வரி தன் கைப்பேசியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையிலிருந்து வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தவர் துள்ளி எழுந்தார்.

"படுபாவி! அது நீ கண்டுபிடிச்சது! ஒன் கையால வளத்தது! சாகட்டும்னு விட ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை, அவர் வாயாலேயே, இத்தனை பேர் சாட்சியாக.

"இன்னொரு தடவ சொல்லுங்க புரொபசர்" என்றாள். "யாரு கண்டுபிடிச்சது?"

அவர் எச்சில் கையோடு காருக்கு ஓடினார். தினேஸ்வரியின் நெஞ்சு நிறைந்தது. மறு நொடியே, செத்துப்போனது தன் பிள்ளை என்பது விளங்கி, வந்தவர்கள் முன்னாலேயே ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அவர் சாப்பிட்ட தட்டைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள்.