மந்திரித்த வண்டி

சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு, செத்துப்போன அப்பாவின் புல்லட்டில் கடைசி நட்டையும் முறுக்கினான் சகாய ஆனந்த். இன்ஜினிலிருந்து டேங்க் வரை எல்லாமே பெரம்பலூர், அரியலூர் கடைகளில் நாய்படாத பாடுபட்டுத் தேடிய உதிரிகள். உதைத்ததும் வண்டி உறுமியது. அவனுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

"ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிச்சிட்டு வந்துருங்க," என்றாள் மனைவி ஏஞ்சல் மேரி.

"புது வண்டியத்தான் மந்திரிப்பாங்க. இது அப்பா வாங்குனப்பவே சாமியார் மந்திரிச்ச வண்டி."

"நம்பரத் தவிர, அன்னிக்கு மந்திரிச்சதுல எதுங்க இப்ப மிச்சம் இருக்கு?"

கழற்றிய சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்த மூலையைப் பார்த்தான். மூலை காலியாக இருந்தது. காலையில்தான் அந்த மூட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, பக்கக் கண்ணாடி வாங்கி வந்திருந்தான்.

இன்ஜினை அணைத்தான்.

"ஞாயித்துக்கிழமை போவோம்."