வளைவில் ஒரு ஹாரன்

கூட்டத்துக்கு ஈ காக்கைகூட வரவில்லை. மண்டபத்தில் சின்னவள் தன் கையாலேயே வரிசையாகப் போட்ட நாற்காலிகள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுவரில் பஸ் பாதையின் வரைபடம். சலவைக்கூடப் பேட்டைக்குள் வளைந்து நெளிந்து போகும் பழைய பாதை சிவப்புக் கோடு. பேட்டையைத் தொடாமல் நெடுஞ்சாலையோடு நேராகப் போகும் புதிய பாதை பச்சைக் கோடு.

இதைப் பேட்டையில் குடியிருப்பவர்களிடமும் அங்கே வேலைக்கு வருகிறவர்களிடமும் விளக்கி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கத்தான் கூட்டம். பிழைப்புக்காக வந்து குடியேறிய அவர்களுக்கு ஊர் மொழி வராது. சின்னவளுக்கு அவர்கள் மொழியும் வரும், ஊர் மொழியும் வரும். போக்குவரத்து அலுவலகம் அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததே அதற்காகத்தான்.

திட்டப் பொறியாளர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "கூப்பிட்டோம், வரல. ஆட்சேபணை இல்லன்னு எழுதிட வேண்டியதுதான்."

"வர முடியாம இருந்திருக்கலாமே சார்."

"அவங்க பாஷையிலதானே அறிவிப்பு ஒட்டினோம்? வெத்தல பாக்கு வெச்சா அழைக்கணும்?"

மனிதர் கெட்டவர் இல்லை. மேலிடத்து நெருக்கடி அப்படி. இன்னொரு கூட்டம் போட்டுப் பார்க்கலாம் என்று அவள் கேட்டபோது முகத்தைச் சுளித்தாரே தவிர, முடியாது என்று சொல்லவில்லை.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். அக்கா பெரியவள், இவள் சின்னவள். அப்பா, அம்மா, அக்கா என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தபின் அப்படிக் கூப்பிட ஆளில்லை. கணவரும் போய்விட்டார். மகன் கண்காணாத தூரத்தில் இருந்தான்; போன் செய்தால் ஊர் மொழியில்தான் பேசுவான். பேட்டையில் பேசும் மொழிதான் அவள் வீட்டு மொழி; அது வாயில் ஊறியது போய், அலுவலகத்துக்கு மட்டும் உடுத்திக்கொண்டு போகிற நல்ல புடவை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்தில் அவள் சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றாள். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் இடம். நீராவியில் வெந்த விரல்களோடு பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் தடித்த கண்ணாடி போட்ட ஒருத்தியை எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்கு 'என்னடி' என்று சகஜமாகத் திரும்பினாள்.

"அந்த மண்டபத்துக்கா வரச் சொன்னீங்க?" சோடாபுட்டி ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பக்கத்துக் கட்டடம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். குடியேற்றப் போலீஸ். தினமும் அதைக் கடந்துதான் சின்னவள் வேலைக்குப் போகிறாள். ஆனால் இதுவரை அது மனதில் உறைத்ததில்லை.

"எங்கள்ல பாதிப் பேருக்குக் காகிதம் சரியா இல்ல. புலி குகைக்குப் பக்கத்துல பந்தி போட்டுட்டு, மானு ஏன் சாப்பிட வரலன்னு கேக்குறீங்களே! அதுவும் பட்டப்பகல்ல. அந்நேரம் எவ வீட்ல இருக்கா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. "சரி, எங்க வெச்சா வருவீங்க?"

"எங்க ஓய்வறையில வைங்க, இதே நேரத்துல. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா உங்க பெரிய ஆபீசரு பேரு கேக்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாப் பேசறீங்களே, நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"

சின்னவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். யாருக்கும் தெரியவில்லை. வேறு யாரைச் சொல்வது என்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அத்தனை பேரும் பேசிக்கொண்டே ஏறிப் போய்விட்டார்கள். அவள் அலுவலகத்துக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம்.

அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போது, "மானு ஏன் சாப்பிட வரல" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். சமையலறையில் எழுந்த தன் சிரிப்பே அவளைத் தூக்கிவாரிப் போட்டது. குழாயை மூடினாள். அப்புறம் மறுபடி திறந்தாள்.

இரண்டாவது கூட்டத்தில் உட்கார இடமில்லை. துணி மூட்டைகளின் மேலெல்லாம் ஆட்கள். பொறியாளர் தன் பச்சைக் கோட்டை விளக்கினார். சோடாபுட்டி எழுந்தாள்.

"பெரிய ரோட்டுல இறக்கிவிட்டா, குடோன் சுவரோரமா நடந்து வரணும். விளக்குக் கிடையாது. விடியறதுக்கு முன்னாடி பொம்பளைங்க ஒத்தையில வர்றோம். போன குளிர்ல பஸ்ஸை விட்டுட்டு அந்த வழியா நடந்து வந்த ஒரு பொண்ணை ஒருத்தன் சலவைக்கூடத்து கேட் வரைக்கும் துரத்திட்டு வந்தான். கோடு போட்டவரு ஒரு நாள் எங்ககூட நடந்து வரட்டும்."

சின்னவள் அப்படியே ஊர் மொழியில் சொன்னாள். பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இப்படிச் சொல்கிறார், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று விலகி நிற்கக் கூடாது. தொழிலில் முதல் பாடம் அது. பொறியாளர் தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

கடைசியில், வேலையை விட்டு ஓய்ந்த இஸ்திரிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கையைத் தூக்கினார். பேட்டை வளைவில்தான் அவர் குடியிருப்பு.

"என் வீட்டு மூலையில பஸ்ஸு திரும்பறப்ப எதிர்ல வண்டி தெரியாது. அதனால டிரைவர் ஹாரன் அடிப்பாரு. நான் தனியா இருக்கேன். காலையில என்னை எழுப்புற சத்தம் அது ஒண்ணுதான். எனக்குன்னு அடிக்கலன்னு தெரியும். ஆனா கூப்பிட்ட மாதிரி இருக்கும். என்னைக் கூப்பிட வேற யாரும் இல்ல."

"ஹாரனுக்காகப் பஸ்ஸா, பெரியவரே?" என்று யாரோ சிரித்தார்கள்.

சின்னவள் பொறியாளர் பக்கம் திரும்பினாள். மூலையையும் ஹாரனையும் சொன்னாள். "நான் தனியாக இருக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. இத்தனை காலத்தில் யாரிடமும், எந்த மொழியிலும், அவள் அதைச் சொன்னதில்லை. பொறியாளர் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்னைக் கூப்பிட வேறு யாரும் இல்லை" என்று முடித்தாள்.

பொறியாளர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். "இதை எதுல சேர்க்கறது? பாதுகாப்பா, வசதியா?" கேலியாகக் கேட்கவில்லை.

"அவர் சொன்னபடியே எழுதுங்க சார்." அன்றைக்கு அவள் சொந்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்தபின் இஸ்திரிக்காரர் அவளிடம் வந்தார். "பாதியில நின்னுட்டீங்களே. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"இல்லைய்யா. தொண்டை கட்டிக்கிச்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பேச்சு இல்லாம கிடந்தா கட்டிக்கும். எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

குளிர் விட்ட பிறகு முடிவு வந்தது. காலையிலும் மாலையிலும் ஷிப்டு நேரத்துப் பஸ்கள் பழையபடி பேட்டைக்குள் போகும், மற்றவை நெடுஞ்சாலையோடு. பழம் முழுதாக விழாவிட்டாலும் பாதியாவது கைக்கு வந்தது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று சின்னவள் ஆசைப்பட்டாள். அதற்குள் அலுவலகம் அறிவிப்பை ஒட்டிவிட்டது. பொறியாளருக்கு அடுத்த வேலை ஊரின் இன்னொரு மூலையில். அங்கிருந்தவர்கள் பேசிய மொழி இவளுக்குத் தெரியாது. அதற்கு வேறொருவர் வந்தார். பேட்டைக்குப் போக அவளுக்கு இனிக் காரணம் எதுவும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில், காரணம் இல்லாமலே, விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினாள். நடுவில் சோடாபுட்டி ஏறினாள்.

"என்னம்மா, ஆய்வா?"

"ஆமா, ஆய்வுதான்" என்றாள் சின்னவள். வேறு என்ன சொல்வது?

வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தார். மூலை வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. இறங்கிவிடலாமா என்று அவள் எழுந்தாள். இறங்கி, விடிந்தும் விடியாமலும் ஒருவர் கதவைத் தட்டி, என்னவென்று சொல்வது? மறுபடி உட்கார்ந்துகொண்டாள். சலவைக்கூடத்தில் சோடாபுட்டி கையாட்டிவிட்டு இறங்கினாள். இரவு ஷிப்டு முடித்தவர்கள் ஏறினார்கள். பஸ் ஊருக்குத் திரும்பியது.

பக்கத்தில் உட்கார்ந்த இளம்பெண் சோப்பு வாசனையோடு இருந்தாள். ஏறியதுமே கண் சொருகிவிட்டது. நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் அவள் தலை சரிந்து சின்னவளின் தோளில் படிந்தது. முகம் தெரியாத ஒருத்தியின் பாரம். நல்ல கனம்.

சின்னவளின் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடியது. அவள் தோளை அசைக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.